காற்றுக்குத் தடை, சாம்பலுக்கு வழி

210 மெகாவாட் அனல்மின் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால், நாளொன்றுக்குச் சுமார் 3,000 டன் நிலக்கரியை விழுங்கும். மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் இந்த அளவு அலகுகள் உண்டு. ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து வரும் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். ஆக, தினமும் ஆயிரம் டன்னுக்கு மேல் சாம்பல். அதில் பெரும்பகுதி கொதிகலனின் அடியில் தங்காமல் புகையோடு பறக்கும். 'இஎஸ்பி' என்கிற மின்தூசிப் பிடிப்பான் அதைப் பிடித்துக் கீழே உள்ள ஹாப்பர் என்னும் சேகரிப்புத் தொட்டிகளில் உதிர்க்கிறது. உலர்வாக வெளியே எடுத்தால் சிமெண்ட் ஆலைகள் வாங்கிக்கொள்ளும்; 'பிபிசி' என்கிற போர்ட்லாண்ட் பொசோலானா ரகச் சிமெண்டில் 35 சதவீதம் வரை இதைக் கலக்கலாம். தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டால் சாம்பல் குட்டைதான் கதி.

ஆனால் வெளியே எடுப்பது லேசுப்பட்ட வேலையல்ல. ஹாப்பருக்குள் காற்றழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு. கீழே சாம்பலைத் தள்ளிக்கொண்டு போகும் குழாயிலோ அழுத்தம் அதிகம். இடையில் கதவைத் திறந்து வைத்தால் காற்று மேல்நோக்கிச் சீறும். விழ வேண்டிய சாம்பல் மறுபடி கிளம்பிப் புகைபோக்கிப் பக்கம் போய்விடும். சாம்பல் இறங்க வேண்டும், காற்று ஏறக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

தண்ணீர்க் குழாயில் போடும் கேட் வால்வு இங்கே உதவாது. இறங்கும் தகட்டுக்குத் தண்ணீர் விலகிக் கொடுக்கும், சாம்பல் கொடுக்காது. தகடு போய் உட்காரும் இடத்தில் நாலு துகள் சிக்கினால் போதும், வால்வு முழுசாக மூடாது. மிச்சமிருக்கும் கீற்றின் வழியே காற்று சாம்பலை வாரிக்கொண்டு பாயும். சாம்பலில் உள்ள குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. அது அந்தக் கீற்றை அராவி அராவி ஓட்டையாக்கிவிடும்.

இதற்குப் பழைய தீர்வு ரோட்டரி ஏர்லாக். நட்சத்திர ஓட்டல் வாசலில் சுழலும் கண்ணாடிக் கதவும் இதே சங்கதிதான். 1888இல் ஃபிலடெல்ஃபியாவின் தியோஃபிலஸ் வான் கானல் அதற்குக் காப்புரிமை வாங்கியது, ஆட்கள் நுழையும்போது காற்று நுழையாமலிருக்கத்தான். ஏர்லாக்கில், உருளைக் கூட்டுக்குள் ஆறு அல்லது எட்டுத் தகடுகள் கொண்ட ரோட்டார் மெதுவாகச் சுற்றும். தகடுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வோர் அறையிலும் மேலே சாம்பல் விழும், கீழே கொட்டும். எந்த நொடியிலும் நேர்வழி திறந்திருக்காது.

கேட்க எளிது. தகட்டு முனைக்கும் கூட்டுக்கும் இடைவெளி 0.15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 மி.மீ. விட்டமுள்ள எஃகு ரோட்டார் 100 டிகிரி சூடேறினால் விட்டத்தில் சுமார் 0.36 மி.மீ., அதாவது பக்கத்துக்கு 0.18 மி.மீ. விரியும். வெளிக்கூடு அதற்குள் சூடேறவில்லை என்றால் ரோட்டார் இறுகி நின்றுவிடும். இடைவெளியைக் கூட்டி வைத்தாலோ கசிவு. அதனால்தான் ஃபீலர் கேஜை விட்டு இடைவெளி பார்க்கிற ஃபிட்டர், "ஓடும்போது எவ்வளவு சூடு?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கசிவை எந்தத் துல்லியத்தாலும் நிறுத்த முடியாது. கீழே சாம்பலைக் கொட்டிய அறை வெறுமனே திரும்புவதில்லை. அழுத்தக் காற்றை நிரப்பிக்கொண்டு மேலே ஏறுகிறது. மேலே திறந்ததும் அந்தக் காற்று வெடுக்கென விரிந்து, இறங்கும் சாம்பலைத் தடுக்கும். திரும்பும் பக்கத்தில் ஒரு துளை போட்டு அதை வடித்துவிடுவார்கள்.

அழுத்தம் இன்னும் கூடினால் டோம் வால்வு. என் கணக்கில் கெட்டிக்கார வடிவமைப்பு இதுதான். அரைக்கோள மூடி ஒன்று, இருக்கையை உரசாமல் சாம்பலை அறுத்துக்கொண்டு திரும்பி நிற்கும். அதன் பிறகுதான் சுற்றியுள்ள ரப்பர் வளையத்துக்குள் காற்று ஏறும். வளையம் உப்பி மூடியை இறுக்கும். நடுவில் துகள் கிடந்தாலும் ரப்பர் அதைத் தழுவி அடைத்துவிடும். வளையத்தில் அழுத்தம் ஏறியது உறுதியாகும்வரை குழாயில் காற்றை விட மாட்டார்கள். திறக்கும்போது முதலில் வளையம் சுருங்க வேண்டும். இந்த வரிசை ஒருமுறை பிசகினாலும் ரப்பர் கிழியும்.

மாவு, சர்க்கரை ஆலைகளில் ஏர்லாக்குக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. அங்கே தூசியே எரிபொருள். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வொர்த் ஊரிலுள்ள இம்பீரியல் சர்க்கரை ஆலையில் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். ஒரு தொட்டியில் பற்றும் தீ அடுத்ததற்குத் தாவாமல் தடுக்க ஏர்லாக்கையே தடுப்பாக வைக்கலாம். ஆனால் இருபுறமும் குறைந்தது இரண்டிரண்டு தகடுகள் எப்போதும் கூட்டை ஒட்டியிருக்க வேண்டும். வெடிப்பை உணர்ந்ததும் ரோட்டார் தானாக நிற்கவும் வேண்டும். நிற்காவிட்டால், எரிகிற மாவை அதுவே அள்ளி அடுத்த தொட்டியில் கொட்டும்.