களிப்பே கடமையான திருவிழா

மைசூர் முதலிய ஊர்களில் குடியேறிக் கார்த்திகை விளக்கேற்றும் நேயர்களுக்குக் கொச்சி யூதர்களின் ஹனுக்கா விழா அந்நியமாகத் தோன்றாது. கி.மு. 164-இல் ஜெருசலேம் ஆலயம் மீட்கப்பட்டபோது, ஒருநாளைக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது ஐதிகம். ஆதலின் முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என எட்டு வரை விளக்குகளைப் பெருக்கி, வழிப்போக்கர் காணுமாறு ஏற்றுவர். அவ்வொளியில் வேலை செய்யலாகாது. கண்டு களிப்பதே விதி! எண்ணெயைப் போற்றும் சாக்கில் பொரித்த பண்டங்களும் உண்டு. அந்தப் பக்தியில் வயிறு பின்தங்குவதில்லை.

மட்டாஞ்சேரியில் 1568-இல் ஜெபாலயம் எழுப்பிய அச்சமூகத்தாருள் பெரும்பாலோர் 1948-க்குப் பின் இஸ்ரேல் சென்றனர். பெண்கள் தம் மலையாளப் பாட்டேடுகளையும் உடன்கொண்டு சென்றனர். திருநாளைச் சிரித்த முகத்தோடு கற்பித்தால், அயலூரில் வளரும் நம் குழந்தைகளும் அதனைக் கைவிடார்.