கார்த்திகையில் உப்பு ஏது?

எங்கள் உப்பளத்துக் கொட்டகையில் கறுப்பன் என்றொரு நாட்டு நாய். வயது ஐந்து. பகலில் நான் மூட்டைக் கணக்கு எழுதும் மேஜைக்குக் கீழே கிடப்பான், இரவில் பழைய சாக்குக் குவியல்மேல். போன கார்த்திகையில் வாலடியைக் கடித்துக் கடித்து, அந்த இடம் இறகு பறித்த கோழி மாதிரி ஆகிவிட்டது.

மரக்காணத்தில் எதற்கும் உப்பின் மேல்தான் பழி. "உப்புத் தண்ணியிலயே சுத்துது, சொறியாம என்னா பண்ணும் அண்ணே?" என்றார்கள். பாத்தியில் இறங்குகிறவர்களின் கால்வெடிப்பைத் தினமும் பார்ப்பவன், நானும் நம்பினேன். கழிவு ஆயில் தடவச் சொன்னவருக்கு மட்டும் தலையாட்டவில்லை. நாய் அதை நக்கும், அது விஷம். யாரோ சொல்லி ஓர் ஊசி போட்டோம். பத்து நாள் நிம்மதி, பிறகு பழைய கதைதான். அது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், காரணத்தைத் தொடாது.

கடைசியில் புதுச்சேரி குரும்பப்பேட்டு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டரம்மா கேட்டது இரண்டே கேள்வி: "எங்க சொறியுது? எந்த மாசத்துல?"

கார்த்திகை என்று சொன்ன பதிலே எனக்குக் கேள்வியாகிவிட்டது. அப்போது பாத்தியெல்லாம் மழைத் தண்ணீரல்லவா? உப்பு விளைந்து கொட்டுகிற சித்திரை, வைகாசியில் இவன் நன்றாகத்தானே இருந்தான்?

அவர் பேன் சீப்பால் வாலடியை வாரி, விழுந்த கறுப்புத் துகள்களை ஈரப் பஞ்சில் வைத்தார். சற்று நேரத்தில் ஒவ்வொன்றைச் சுற்றியும் துருச்சிவப்பாகக் கசிந்தது. செரித்த ரத்தம், தெள்ளுப்பூச்சியின் எச்சம். "பூச்சி ஒண்ணுகூட கண்ணுல படலியே?" என்றேன். ஒவ்வாமை உள்ள நாய் நக்கி நக்கிப் பூச்சியை விழுங்கிவிடுமாம். தெள்ளின் எச்சில்தான் ஆகாதது. நாலைந்து கடி போதும்.

சொறியும் இடம் பாதி விடை சொல்லிவிடும். வாலடி, பின்தொடை என்றால் முதலில் தெள்ளு. பாதம், முகம், அக்குள், காது என்றால் தூசிப்பூச்சி, மகரந்தம். இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் தொடங்கும். மாத வித்தியாசம் இல்லாமல் அரித்து, காதும் வயிறும் சேர்ந்து கெட்டால் சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம். கோழி, மாட்டிறைச்சி, பால், கோதுமைதான் அதிகம் அகப்படுபவை. இதுவரை தின்னாத ஒரே இறைச்சியை எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. நடுவில் ஒரு துண்டுக் கருவாடு போட்டாலும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதுதான். காது விளிம்பும் முழங்கையும் சொறிந்து வீட்டாருக்கும் அரித்தால் அது சொறி நோய், ஒவ்வாமை அல்ல.

உப்புக்கும் பங்கு உண்டு. உவர்நீர் பட்ட பாதமும் அடிவயிறும் சிவக்கும். அது வெறும் எரிச்சல். நல்ல தண்ணீரில் கழுவினால் தணியும்.

மனிதர்களின் சளி, அலர்ஜி மாத்திரையை மட்டும் கையில் எடுக்காதீர்கள். சிலவற்றில் கலந்திருக்கும் சூடோஎபெட்ரின் நாயின் உயிருக்கே ஆபத்து.

கறுப்பனுக்கும் கொட்டகையைச் சுற்றும் மற்ற இரண்டு நாய்களுக்கும் மாதம் ஒரு தெள்ளு மாத்திரை என்று முடிவானது. வலிப்பு வரும் நாய் என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் மாத்திரை மட்டும் போதாது. நாய்மேல் இருக்கும் பூச்சி நூற்றுக்கு ஐந்துதான். மிச்சம் முட்டையாக, புழுவாக, கூடாகப் படுக்கையில் கிடக்கும். கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். மழைக்கால ஈரத்தில் எங்கள் சாக்குக் குவியல் அதற்குப் பிரசவ வார்டு.

தை பிறந்ததும் மக்கியதை எரித்து, மிச்சச் சாக்குகளைப் பாத்தி வரப்பில் விரித்தோம். காய்ந்த வெயிலில் தெள்ளுப் புழு தங்காது. பழி சுமந்த உப்பளம்தான் கடைசியில் வைத்தியம் பார்த்தது. மாசிக் கடைசியில் வாலடியில் முடி முளைத்தது.

இப்போதும் சாக்கைத் தவிர வேறெதிலும் படுக்க மாட்டான். ஞாயிறுதோறும் புதுசு ஒன்று விரித்து, கணக்கில் ‘சாக்கு 1’ என்று எழுதுகிறேன். முதலாளி இன்னும் கேட்கவில்லை.