கோலும் அரவும்: மருத்துவச் சின்னத்தின் பூர்விகம்

மருந்துச் சீட்டின் தலைப்பில் கோலைச் சுற்றிய பாம்பைக் கண்ட நம் மாணவர் ஒருவர், "உஸ்தாத், இது மூஸா (அலை) அவர்களின் அஸாவா?" என்று வினவினார். அருகிலிருந்த மற்றொருவர், "இல்லை, இது கிரேக்கரின் சிலை வணக்கம், இதை அணிவதே கூடாது" என்று முந்திக்கொண்டார். இருவரும் ஆராயாமலே முடிவு கட்டியதால், இதனைச் சற்று விரிவாக நோக்க விழைகிறோம்.

முதற்கூற்று பொருந்தாது. திருக்குர்ஆனில் அக்கைத்தடியே பாம்பாக மாறுகிறது. தடியைப் பாம்பு சுற்றவில்லை. நோய் தீர்த்தலும் அங்கே பேசப்படவில்லை. அது ஃபிர்அவ்னுக்கு எதிரான முஃஜிஸா. கம்பத்தில் உயர்த்திய வெண்கலப் பாம்பை நோக்கிய பாம்புக்கடியாளர் பிழைத்தனர் என்னும் செய்தி பைபிளின் எண்ணாகமத்தில்தான் உள்ளது. பிற்காலத்தில் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கவே, எசேக்கியா மன்னர் அதை உடைத்தெறிந்தார் என்றும் பைபிளே கூறுகிறது. சின்னம் எப்போது சிலையாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாம்புச் சின்னம் கிரேக்கருக்கும் மூத்தது. இன்றைய இராக்கின் தென்பகுதியில் கி.மு. 2100 அளவில் லகாஷை ஆண்ட குதேயா, நின்கிஷ்சிதா என்னும் தெய்வத்துக்குப் படைத்த கற்கிண்ணத்தில், பின்னிப் பிணைந்த இரு பாம்புகள் செதுக்கப்பட்டுள்ளன. அக்கிண்ணம் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே நிலத்துக் கில்காமேஷ் காவியத்தில், இளமை மீட்கும் மூலிகையைத் திருடித் தின்ற பாம்பு சட்டை உரித்துச் செல்கிறது. தோல் உரித்தலைப் புத்துயிர் பெறுதலாகப் பண்டையோர் கண்டனர் என்பதே இதன் உட்பொருள். அரபியில் பாம்புக்கு 'ஹய்யத்' என்றும் வாழ்வுக்கு 'ஹயாத்' என்றும் பெயர். முன்னதைப் பின்னதன் வேரிலிருந்தே வருவித்த மொழியறிஞர்களும் உளர்.

கிரேக்கர் மருத்துவத் தெய்வமாகக் கொண்ட அஸ்க்லேபியஸின் பெருங்கோயில் எபிடாரஸில் இருந்தது. நோயாளிகள் அங்கே இரவு தங்கிக் கனவில் மருந்து தேடினர். நஞ்சற்ற பாம்புகள் அவ்வளாகத்தில் பேணப்பட்டன. கி.மு. 293-இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது அங்கிருந்து ஒரு பாம்பு கொண்டுவரப்பட்டதாகவும், அது இறங்கிய டைபர் ஆற்றுத் தீவிலேயே கோயில் எழுந்ததாகவும் ரோமானியர் எழுதிவைத்தனர்.

நம்மைப் பெரிதும் ஈர்ப்பது அடுத்து நிகழ்ந்ததே. கோலுக்கும் பாம்புக்கும் பொருள் கூறும் பழைய உரையொன்று, ஹிப்போகிரட்டஸின் உறுதிமொழிக்கு ஜாலினூஸ் (கேலன்) எழுதிய விரிவுரை எனும் பெயரில் வழங்கியது. அதன் கிரேக்க மூலம் மறைந்துவிட்டது. அரபி வழியாகவே அதன் பகுதிகள் எஞ்சின. ஹிஜ்ரி 668-இல் மறைந்த இப்னு அபீ உஸைபிஆ, மருத்துவர் வரலாறான 'உயூனுல் அன்பா' நூலில் அவற்றைப் பதிந்துவைத்தார். அதன்படி, கோல் கத்மிச் செடியினுடையது. அச்செடி மிதமான வெப்பமுடையது என்பதால், மருந்தும் மிதமாக இருத்தல் வேண்டும். கோலின் வளைவும் கிளைகளும் இக்கலையின் பல பிரிவுகளைக் குறிக்கின்றன. பாம்பு கூர்ந்த பார்வையும் உறங்கா விழிப்பும் உடையதாகக் கருதப்பட்டது. மருத்துவனும் அவ்வாறே இருத்தல் வேண்டும். அது தோலுரித்து மூப்பைக் களைவதுபோல் மருத்துவமும் மூப்பின் தளர்ச்சியைக் களையலாம். (பாம்புக்கு இமையில்லை என்பதால்தான் உறங்காதது போல் தோன்றுகிறது என்பதை இன்று அறிவோம்.) தெய்வத்தின் உருவை விளக்க வந்த உரை மருத்துவனின் ஒழுக்கத்தை உரைப்பதாயிற்று. முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் கூச்சமின்றி அதை எடுத்தெழுதியதன் காரணம் இதுவே என்பது நம் கருத்து.

பாம்பு மருந்தாகவே புகுந்தது வேறொரு வழியில். 'திர்யாக்' என்னும் நச்சுமுறி, கொடிய விலங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயருடையது. நீரோ மன்னனின் மருத்துவர் அன்ட்ரோமாகஸ் அதில் விரியன் பாம்பின் இறைச்சியைச் சேர்த்தார். பாம்பு விழுந்து கிடந்த மதுவைக் குடித்த தொழுநோயாளி, தோல் உரிந்து நலம் பெற்றதாக ஒரு கதையும் வழங்கிற்று. நோயாளியே இங்கே பாம்புபோல் சட்டை உரிக்கிறான்! ஹிஜ்ரி 595-இல் எழுதப்பட்டுப் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள 'கிதாபுத் திர்யாக்' சுவடியின் முகப்பில், பிறையேந்திய உருவைச் சுற்றி இரு பாம்புகள் பிணைந்துள்ளன.

நம் ஃபுகஹாக்கள் விவாதித்தது இந்த இறைச்சியைப் பற்றித்தான். திர்யாக்கைக் கண்டிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. மருந்து உண்பது அங்கே தடுக்கப்படவில்லை, பாம்பிறைச்சியே தடுக்கப்படுகிறது என்று இமாம் கத்தாபீ விளக்கினார். இப்னு குதாமா 'அல்முக்னீ'யில் அதனைக் கூடாதென்கிறார். ஷஅபீ, மாலிக் ஆகியோர் அனுமதித்ததையும் மறைக்காமல் குறிப்பிடுகிறார். மறுபுறம், மதீனாவின் மேட்டுப் பகுதியான ஆலியாவில் விளையும் அஜ்வா பேரீச்சையை நபி (ஸல்) அவர்கள் திர்யாக் எனச் சிறப்பித்த ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது என்பது அங்கே ஒரு தடையாகவில்லை.

மாணவர் காட்டிய சீட்டில் பாம்புகள் இரண்டு இருந்தன. மேலே இறக்கைகளும் இருந்தன. அது ஹெர்மஸ் என்னும் தூதுத் தெய்வத்தின் கோல்; வணிகத்தோடு தொடர்புடையது. 1902-இல் அமெரிக்க இராணுவ மருத்துவப் பிரிவு அதை ஏற்றபின் இக்குழப்பம் பெருகிற்று. 1948-இல் அமைந்த உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் ஒற்றைப் பாம்பே உள்ளது. ஆகவே அம்மருத்துவர் அச்சிட்டிருந்தது மருத்துவச் சின்னமே அன்று!