பறக்கும் அணிலுக்குப் பை கிடையாது

சித்தேரி மலைச்சாலையோரப் புளியமரத்தில் ஓடும் வரியணிலுக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் உறவு உண்டு: பறக்கும் அணில். ஆனைமலையிலும் மேகமலையிலும் இருட்டிய பிறகு வெளியே வந்து, மரம் விட்டு மரம் மிதந்து போகும். ஆஸ்திரேலியாவில் வாழும் சுகர் கிளைடர் என்ற சிறு விலங்கும் அப்படியே மிதக்கும். தோற்றத்தில் இரண்டும் நெருங்கிய சொந்தம் போலத் தெரிந்தாலும், இவற்றின் மூதாதையர் பிரிந்து சுமார் 16 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

என்ன வேறுபாடு?

சுகர் கிளைடர், கங்காருவைப் போலப் பைப்பாலூட்டி. கருவுற்ற 16 நாளில் அரிசி மணியளவில் குட்டி பிறக்கும். அது தானே தாயின் பைக்குள் ஊர்ந்து போய், இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே பால் குடித்து வளரும். பறக்கும் அணிலின் குட்டி, நம்மைப் போலக் கருப்பையில் வளர்ந்தே பிறக்கிறது.

இந்தியாவில் பைப்பாலூட்டி ஏன் இல்லை?

பைப்பாலூட்டிகள் தென் அமெரிக்காவிலிருந்து அண்டார்டிகா வழியாக ஆஸ்திரேலியாவை அடைந்தன. அங்கே கிடைத்த மிகப் பழைய புதைபடிவங்களுக்குச் சுமார் 5.5 கோடி வயது. இந்திய நிலமோ 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அண்டார்டிகாவை விட்டு விலகிவிட்டது. அதனால் அவ்வழியாக அவை இங்கே வர முடியவில்லை.

பிறகு எப்படி ஒரே உருவம்?

மரத்தில் வாழும் சிறு விலங்குக்குத் தரையில் இறங்குவது ஆபத்து. மிதந்து கடந்தால் உயிரும் தப்பும், உழைப்பும் மிச்சம். இதற்காக முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தோல் விரிந்தது. பைப்பாலூட்டிகளுக்குள்ளேயே மூன்று குடும்பங்களில் தனித்தனியாக இது தோன்றியது. சுமார் 12 கிராமே உள்ள இறகுவால் கிளைடர் அவற்றில் மிகச் சிறியது; ஒரு கிலோவைத் தாண்டும் பெருங்கிளைடர் மிகப் பெரியது. பறக்கும் அணிலுக்கு மணிக்கட்டிலிருந்து நீளும் குருத்தெலும்பு அந்தத் தோலை விரித்துப் பிடிக்கிறது. கிளைடர்களுக்கு அது இல்லை.

இவற்றுக்கு எதனால் ஆபத்து?

மிதக்கும் விலங்கு மேலே எழ முடியாது. உயரத்தில் தொடங்கித் தாழ்வில்தான் இறங்கும். எனவே உயர்ந்த மரங்கள் நெருங்கி நிற்க வேண்டும். பகலில் உறங்கப் பொந்தும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் மரம் வெட்டுதலும் 2019–20 காட்டுத்தீயும் பொந்து மரங்களை அழித்தன. 2022-இல் தெற்குப் பெருங்கிளைடர் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அங்கே அறிவிக்கப்பட்டது. விக்டோரியாவில் நெடுஞ்சாலை பிளந்த காட்டைக் கிளைடர்கள் கடக்க உயரமான கம்பங்கள் நட்டிருக்கிறார்கள்.

நாம் அந்த நிலைக்குப் போக வேண்டியதில்லை. பட்டுப்போனது, உள்ளே பொந்து விழுந்தது என்று கிழமரங்களை முதலில் வெட்டும் வழக்கத்தை விட்டாலே போதும். பறக்கும் அணிலோடு ஆந்தைக்கும் இருவாச்சிக்கும் அவைதான் வீடு. சித்தேரியிலோ ஆனைமலையிலோ இன்று நடும் கன்று, பொந்து விழும் வயதை எட்டப் பல தலைமுறை ஆகும். அதனால் இருக்கிற கிழமரத்தைக் காப்பதே முதல் வேலை. கன்று நடுவது அதற்கு அடுத்தது.