பிள்ளைகளின் வலிக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

ஆண்டுக்கு 1,950 கோடி டாலர். நடுத்தரம் முதல் கடுமை வரையிலான நாட்பட்ட வலியோடு வாழும் வளரிளம் பிள்ளைகளுக்காக அமெரிக்கா சுமக்கும் செலவு இது என்று சியாட்டிலைச் சேர்ந்த குரோனவால்டும் அவரது குழுவினரும் 2014-இல் மதிப்பிட்டார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும், அல்லது விட்டுவிட்டுத் திரும்ப வரும் வலியே நாட்பட்ட வலி. தலைவலி, வயிற்றுவலி, முதுகுவலி, மூட்டும் தசையும் சார்ந்த வலிகள் இதில் அடங்கும்.

பெரிய தொகையைப் பார்த்து மலைத்துவிட்டால் கணக்கு புரியாது. பிரித்துப் பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு வந்த 149 பிள்ளைகளின் ஓராண்டுச் செலவைத்தான் அவர்கள் முதலில் எடுத்தார்கள். சராசரி, ஒரு பிள்ளைக்கு 11,787 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஏழு லட்சம் ரூபாய். ஆனால் வரிசையின் நடுவில் நிற்கும் பிள்ளையின் செலவு 6,770 டாலர்தான். சராசரிக்கும் நடுமதிப்புக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கிறதென்றால், சில வீடுகளில் செலவு எல்லை மீறிப் போயிருக்கிறது என்று பொருள். மொத்தச் செலவில் 30 விழுக்காடு வெறும் 5 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது. கீழே உள்ள 75 விழுக்காட்டினர் சேர்ந்து செலவழித்தது 34 விழுக்காடு. கூட்டிக் கழித்தால், முதல் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஏறத்தாழ 70,000 டாலர். கீழ் முக்கால் பங்கினருக்குத் தலைக்கு 5,300 டாலர் அளவில் வருகிறது.

பிரிட்டனில் இதே கேள்வியை 2005-லேயே கேட்டுவிட்டார்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 8,000 பவுண்டு, நாடு முழுவதற்கும் 384 கோடி பவுண்டு என்று கணக்கு வந்தது. வகுத்தால் 4 லட்சத்து 80 ஆயிரம் பிள்ளைகள். அமெரிக்கத் தொகையை அதே போல வகுத்தால் பதினாறரை லட்சம் பிள்ளைகள்.

இந்தத் தொகைகளுக்குள் மருத்துவர் கட்டணமும் மருந்தும் மட்டும் இல்லை. பெற்றோர் வேலைக்குப் போகாத நாட்களின் இழப்பும் இருக்கிறது. நம் ஊரிலும் இந்தச் செலவு எப்படி ஏறும் என்பது வலியுள்ள பிள்ளையை வைத்திருக்கும் எந்த அம்மாவுக்கும் தெரியும். முதலில் குடும்ப மருத்துவர், பிறகு குழந்தைகள் நல மருத்துவர், பிறகு வயிற்றுக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இன்னொரு ஊரில் இன்னொரு ஸ்கேன். பேருந்துக் கட்டணம், அன்றைய கூலி இழப்பு, கைமாற்று. கடைசியில் கையில் கிடைப்பது ஒரே வாக்கியம்: “டெஸ்ட் எல்லாம் நார்மல்மா.” அந்த வாக்கியத்தோடு பிள்ளை வீட்டுக்கு வந்தால், அடுத்த நாளே “நடிக்கிறான்”, “ஸ்கூலுக்குப் போகாம இருக்க சாக்கு” என்று பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது.

இது அநியாயம். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. காயமோ தொற்றோ ஆறிய பிறகும் நரம்புமண்டலம் எச்சரிக்கையை நிறுத்தாமல் இருக்கலாம். சாதாரணத் தொடுகையும் அசைவும்கூட வலியாகவே மூளைக்கு எட்டலாம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ‘நாட்பட்ட முதன்மை வலி’ என்று இதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. வலி வேறொரு நோயின் அறிகுறியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, அதுவே நோயாகவும் இருக்கலாம் என்பதற்கான அதிகாரபூர்வ ஒப்புதல் அது.

எத்தனை பிள்ளைகள்? 2024-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 119 ஆய்வுகளையும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. 20.8 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட வலி. 40 பேர் உள்ள ஒரு வகுப்பில் எட்டுப் பேர். எல்லோருக்கும் அது வாழ்க்கையை முடக்குவதில்லை. ஸ்பெயினின் காட்டலோனியாவில் 561 பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்கு வலி இருந்தது 5.1 விழுக்காட்டினருக்கு. அப்படிப் பார்த்தால் அதே வகுப்பில் இரண்டு பேர். நான் கவலைப்படுவது முதன்மையாக அந்த இரண்டு பேரைப் பற்றித்தான்.

அவர்கள் இழக்கும் முதல் பொருள் பள்ளி நாள். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலை நாட்கள் வேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் வலியால் வீட்டில் படுத்தால் 44 நாட்கள் போய்விடும். மாதத்துக்கு ஐந்து நாட்கள் என்றால் பத்து மாதத்தில் 50. சிபிஎஸ்இ கேட்கும் 75 விழுக்காடு வருகைக் கணக்கை இந்த 220 நாட்களுக்குப் போட்டால் 55 நாள் விடுப்போடு வாசல் மூடிவிடும். இதன் நீண்டகாலச் செலவையும் அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். 14,000-க்கும் மேற்பட்ட வளரிளம் பிள்ளைகளை இளமைப் பருவம் வரை தொடர்ந்து பார்த்ததில், நாட்பட்ட வலி இருந்தவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பும் பட்டம் பெறும் வாய்ப்பும் குறைவாகவே இருந்தன. அரசு உதவித்தொகையை நம்பி வாழும் நிலைக்கு அவர்கள் கூடுதலாகத் தள்ளப்பட்டிருந்தார்கள்.

சரி, சிகிச்சைக் கணக்குக்கு வருவோம். மருந்துப் பக்கம் ஏறக்குறைய வெற்றுத்தாள்தான். புற்றுநோய் சாராத நாட்பட்ட வலிக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றி, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகளைத் தேடித் தொகுத்த 2019-ஆம் ஆண்டு ஆய்வுக்குக் கிடைத்தவை 6 சோதனைகள், 393 பிள்ளைகள். உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். ஐந்தில் ஒரு குழந்தையைத் தொடும் ஒரு துன்பத்துக்கு இது வெட்கப்பட வேண்டிய எண்.

நம்பிக்கை தரும் எண்கள் வேறு இடத்திலிருந்து வருகின்றன. ஜெர்மனியில் டாட்டெல்ன் என்ற சிறு நகரத்தில் போரிஸ் செர்னிகோவ் உருவாக்கிய குழந்தைகள் வலி மையம் இருக்கிறது. கடுமையாக முடங்கிப்போன பிள்ளைகளை அங்கே மூன்று வாரம் சேர்த்துக்கொள்கிறார்கள். மருத்துவர், உளவியல் சிகிச்சையாளர், பிசியோதெரபிஸ்ட், செவிலியர் ஆகியோர் ஒரே குழுவாக வேலை செய்கிறார்கள். பெற்றோருக்கும் பயிற்சி உண்டு. வலி முழுவதும் போன பிறகு பள்ளிக்குப் போகலாம் என்று காத்திருப்பதில்லை. முதலில் நடை, உறக்கம், பள்ளி, நண்பர்கள். வலி அதன் பிறகு மெல்ல இறங்குகிறது. 104 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துச் செய்த சோதனையின் முடிவு 2014-இல் வெளியானது. உடனே சிகிச்சை பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் தேறினார்கள். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் 14 விழுக்காட்டினர். பள்ளிக்கு வராத நாட்களும் குறைந்தன. அமெரிக்காவில் இதே வகைத் தீவிர மறுவாழ்வுத் திட்டம் ஒன்றைக் கணக்கிட்டவர்கள், முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் அடுத்த ஆண்டில் குடும்பத்துக்கு ஏறத்தாழ 27,000 டாலர் மிச்சமானது என்று 2016-இல் எழுதினார்கள். மருத்துவமனை நாட்கள் குறைந்ததும், பெற்றோர் வேலைக்குத் திரும்பியதும்தான் அந்த மிச்சம்.

2020 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 19 வயது வரையிலான பிள்ளைகளின் நாட்பட்ட வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து, மூன்றும் பிள்ளையின் தேவைக்கேற்பச் சேர்ந்து நடக்க வேண்டும். மார்ஃபினை அது வாழ்நாளைக் குறுக்கும் நோய்களுக்கும் இறுதிக்கட்டத்துக்கும் ஒதுக்குகிறது.

அந்த மார்ஃபினுக்குத் தனிப் பேரேடே வேண்டும். 2017-ஆம் ஆண்டின் லான்செட் ஆணைய அறிக்கை கூறும் கணக்கு: உலகில் ஆண்டுக்கு விநியோகமாகும் மார்ஃபின் வகை மருந்து 298.5 டன். அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்வது 0.1 டன். கனடாவில் தேவையுள்ள நோயாளி ஒருவருக்கு 68,194 மில்லிகிராம். இந்தியாவில் 43 மில்லிகிராம், அதாவது தேவையில் 4 விழுக்காடு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளையும், நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்தும் நாடு நம்முடையது. மருத்துவத்துக்கான மார்ஃபினையும் கட்டிப்போட்டிருந்த 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளைத் தளர்த்த 2014-இல்தான் திருத்தம் வந்தது.

ஏழை நாடுகளில் 15 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளின் மார்ஃபின் தேவையையும் தீர்க்க ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? 10 லட்சம் டாலரைச் சற்றே தாண்டும் என்கிறது அதே அறிக்கை. தொடக்கத்தில் சொன்ன 1,950 கோடியில் 19,500-இல் ஒரு பங்கு. அமெரிக்காவின் அந்தச் செலவில் 27 நிமிடத் தொகை.

வலிமருந்து வேண்டிய பிள்ளைகளைத் தேடித் தொலைவு போக வேண்டாம், நமக்கு அருகிலேயே நீலகிரி இருக்கிறது. அங்கே ஆதிவாசி மக்களிடம் அரிவாள் செல் நோய்க்கான மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் கண்டறிந்தார்கள். இந்தியாவில் முதல் பதிவு அது. இந்த நோயுள்ள பிள்ளைக்குக் கைகால், முதுகு, நெஞ்சு எனக் கடும் வலி திரும்பத் திரும்ப வரும். 2023 ஜூலை 1-இல் தொடங்கிய தேசியத் திட்டம் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. பரிசோதிப்பது நல்லது. கண்டுபிடித்த பிள்ளைக்கு நள்ளிரவில் வலி வரும்போது, பக்கத்து ஆஸ்பத்திரியில் வலிமருந்து இருக்க வேண்டும். அதைக் கொடுக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும்.

ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதிக்க 30 குறைபாடுகளை அது பட்டியலிட்டது. நாட்பட்ட வலிக்கு அதில் ஒரு வரி இல்லை. அத்திட்டத்தின் மாவட்ட மையங்களுக்குக் குழந்தைகள் நல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர் பணியிடங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. டாட்டெல்ன் குழுவுக்கு வேண்டிய ஆட்கள் ஏறக்குறைய இவர்கள்தான். பட்டியலில் அந்த ஒரு வரியைச் சேர்த்து, வாரத்தில் ஒரு நாளை வலியுள்ள பிள்ளைகளுக்கென்று ஒதுக்க அரசு முன்வர வேண்டும். அதுவரை பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்பது ஒன்றுதான்: மூன்று மாதமாக வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் நம்புங்கள், அரை நாளாவது பள்ளிக்கு வர வழி செய்து கொடுங்கள்.