வலைக்கண்ணுக்குத் தப்பிய துகள்

ஏப்ரல் 15 வந்தால் சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டின் ஓசை மாறிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏலக் குரல் தணிந்து, சுத்தியல் சத்தமும் பழைய பெயின்ட்டைத் தேய்த்தெடுக்கும் இயந்திரத்தின் இரைச்சலும் கேட்கத் தொடங்கும். நிழல் கிடைத்த இடத்தில் வலையை விரித்து, கால் பெருவிரலில் ஒரு முனையை மாட்டிக்கொண்டு, கிழிந்த கண்களைப் பின்னுவார்கள். முடிச்சுப் போட்டு மிஞ்சிய நூலைக் கத்தியால் அறுத்துவிடுவார்கள். அறுபட்ட நுனி ஓர் அரிசி நீளம்தான் இருக்கும். அது மண்ணில் விழுவதை யாரும் கவனிப்பதில்லை.

வலை பருத்தி நூலாக இருந்த காலத்தில் அந்த நுனி சில மாதங்களில் மக்கிப்போயிருக்கும். பருத்தியின் செல்லுலோஸை உடைக்கும் நொதிகள் மண்ணின் பாக்டீரியாவிடமும் பூஞ்சையிடமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கின்றன. நைலான் ஆய்வகத்தில் பிறந்ததோ 1935-இல். உப்புத் தண்ணீரில் ஊறினாலும் இற்றுப்போகாத அதன் குணம் மீனவருக்குப் பெரிய வரம். அதே குணம்தான் மண்ணுக்குச் சுமையாகிவிட்டது: தன்மேல் விழுந்த எதையும் செரித்துப் பழகிய மண்ணால் இதைச் செரிக்க முடியவில்லை.

நைலானும் ஒரு பிளாஸ்டிக்தான். வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைப் புறஊதாக் கதிர்கள் அறுக்கின்றன. பொருள் மொறுமொறுப்பாகி, தொட்டால் உதிர்கிறது. துண்டு துகளாகிறது, துகள் தூளாகிறது. பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காகவே இருக்கிறது. 5 மில்லிமீட்டருக்கும் சிறியவற்றை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர் ரிச்சர்ட் தாம்சன் 2004-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே இந்தச் சொல் உலகெங்கும் பரவியது.

சிறிதாவதில் என்ன கெடுதல்? ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் துகள்களாக நறுக்கினால் 10 லட்சம் துகள்கள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 600 சதுர சென்டிமீட்டராகிவிடும். எடை கூடவில்லை. ஆனால் எண்ணெய்ப் பசையும் நச்சும் ஒட்டிக்கொள்ளும் இடம் நூறு மடங்காகிவிட்டது. மண்புழுவின் வாய்க்குள் நுழையும் அளவுக்கு உருவமும் சிறுத்துவிட்டது.

காசிமேட்டு மண்ணில் சேர்வது வலை நூல் மட்டுமல்ல. ஃபைபர் படகைத் தேய்க்கும்போது பறக்கும் ரெசின் தூளும் பெயின்ட் செதிலும் சேர்கின்றன. மீன் பெட்டியிலிருந்து உதிர்ந்த தெர்மகோல் மணிகளும் சேர்கின்றன. கரையைக் காக்கக் கொட்டிய பாறாங்கற்களின் இடுக்கில் சிக்கிய பிளாஸ்டிக் கவர்களை அலை அம்மிபோல அரைக்கிறது. பக்கத்திலேயே எண்ணூர் நெடுஞ்சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் டயர் கொஞ்சம் தேய்கிறது. அந்தக் கரும்பொடியில் பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பரும் இருக்கிறது. டயரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நஞ்சாகிறது. மழைநீர் அதை ஓடைக்கு அடித்துச் செல்லும்போது சால்மன் மீன்கள் சாகின்றன என்று 2020-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சாலையின் தூசு மீனைக் கொல்லும் என்பதற்கு அது கண்கூடான சாட்சி.

மண்ணுக்குள் கலந்த தூளை எப்படிப் பிரித்தெடுப்பது? இதன் அடிப்படை காசிமேட்டில் வலை விரிக்கும் எவருக்கும் தெரிந்ததுதான்: மிதவை மேலே நிற்கும், ஈயக்குண்டு அடியில் இறங்கும். ஆய்வகத்தில் மண்ணைச் செறிந்த உப்புக் கரைசலில் கலக்குகிறார்கள். அந்தக் கரைசல் நீரைவிட 1.2 மடங்கு அடர்த்தி. மணலின் அடர்த்தி 2.6-க்கு மேல், நைலானுடையது 1.14. மணல் அடங்கிவிடும், நைலான் மேலே வரும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 1.38 என்பதால், அதற்கு இன்னும் கனமான துத்தநாக குளோரைடு கரைசல் வேண்டும். மிதந்து வந்த துகள் எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்வது ஒளி. அதன்மேல் லேசரைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியின் நிறமாற்றம் கைரேகைபோல ஆளைக் காட்டிக்கொடுக்கும். ராமன் விளைவு என்று பெயர். திருச்சியில் பிறந்து, மெரினாவை ஒட்டிய மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த சி.வி. ராமன் 1928-இல் கண்டது.

உலகின் கண் முதலில் கடலின் மேல்தான் பதிந்தது. மண்ணையும் பாருங்கள் என்று 2012-இல் எழுதியவர்களில் பெர்லின் சூழலியலாளர் மத்தியாஸ் ரில்லிக் முக்கியமானவர். மேலே தூவிய துகள்களை மண்புழு தின்றும் உடலில் ஒட்டியும் ஆழத்துக்குக் கொண்டுபோவதை அவரது குழு 2017-இல் காட்டியது. கீழே இருட்டு. வெயிலே எட்டாத இடத்தில் பிளாஸ்டிக் சிதைவது மேலும் தாமதமாகிறது. உழவனின் நண்பன் என்று நாம் பாடம் படித்த அந்தப் புழுவே, அறியாமல், இதைப் புதைத்துப் பத்திரப்படுத்துகிறது. பாலியஸ்டர் இழை கலந்த மண்ணின் அடர்த்தியும் நீர் பிடிக்கும் தன்மையும் மாறியதை, அதில் வளர்ந்த வெங்காயத்தாளின் வேரும் மாறியதை, பெர்லினில் 2019-இல் நடந்த சோதனை சொன்னது.

புதைந்தது எல்லாம் புதைந்தே இருப்பதில்லை. 2015 மார்ச்சிலும், வெள்ளம் வந்த நவம்பரிலும் சென்னைக் கடற்கரையில் பிளாஸ்டிக் குருணைகளை எண்ணினார்கள் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள். நவம்பரில் மூன்று மடங்கு இருந்தன. கூவமும் அடையாறும் நகரத்திலிருந்து அடித்துக்கொண்டு வந்தவை அவை. மண் தேக்கி வைத்திருந்ததை ஒரே மழை கடலிடம் கொடுத்துவிடும். கடல் அதை மீனிடம் கொடுக்கும். மீன் அதே காசிமேட்டு ஏலத்துக்கு வரும்.

செய்யக்கூடியவை எளியவை. படகைத் தேய்க்கும்போது அடியில் ஒரு தார்ப்பாய் விரிக்கலாம். வலை பின்னும் இடத்தில் அறுத்த நுனிகளைப் போட ஒரு டப்பா வைக்கலாம். பழைய வலையை எடைக்குப் போடும் வழக்கம் இருக்கிறது. நுனிகளையும் அதோடு சேர்க்கலாம். துறைமுகத்தில் தார்ப்பாயும் தொட்டியும் தருவது அரசின் பொறுப்பு; லாரிகள் தேய்த்துப்போட்ட கரும்பொடியை மழைக்கு முன் கூட்டி அள்ளுவது மாநகராட்சியின் பொறுப்பு. மீனவர் தலையில் மட்டும் இதைக் கட்டுவது நியாயமில்லை.

வலை பின்னுகிறவருக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும்: கண்ணைவிடச் சிறியது நழுவிவிடும். நழுவியதைத் திரும்பப் பிடிக்கும் வலையை இதுவரை யாரும் பின்னவில்லை. அரிசி நீளத்தில் கையில் இருக்கும்போதே அதைப் பிடித்துவிட வேண்டும்.