தாருல் உலூம் உணர்த்தும் பாடம்

கற்றவர் அனைவரும் கற்பிக்க வல்லவர் என நாம் எண்ணிவிடுகிறோம். எகிப்தின் கல்வித் துறையை வழிநடத்திய அலீ முபாரக் அவ்வாறு எண்ணவில்லை. அரசுப் பள்ளிகளுக்கு அரபு ஆசிரியரை உருவாக்க, அல்அஸ்ஹர் மாணவரைத் தேர்ந்தெடுத்து, 1872இல் கெய்ரோவில் தாருல் உலூமை நிறுவினார். தஃப்ஸீர், ஃபிக்ஹ், இலக்கியம் ஆகியவற்றோடு கணிதமும் புவியியலும் வரலாறும் அங்குப் போதிக்கப்பட்டன. கற்பிக்கும் முறையும் பின்னர்த் தனிப் பாடமாயிற்று. 1946இல் அது இன்றைய கெய்ரோ பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இப்போது முதுகலை, முனைவர் பட்டங்களையும் வழங்குகிறது.

அங்கே பழைய இல்ம் அகற்றப்படவில்லை. அதன் மீதே ஆசிரியப் பயிற்சி கட்டப்பட்டது. நம் அரபிக் கல்லூரிகளில் ஸனது பெறும் மௌலவி கிதாபை அறிவார். பத்து வயதுச் சிறுவனுக்கு அதை எவ்வாறு எடுத்துரைப்பது என்பதை அவருக்குக் கற்பிப்பவர் யார்? ஸனதுக்குப்பின் ஓராண்டுப் பயிற்சியேனும் அமைப்பது நம் கடமை. அது அமையும்வரை இழப்பு மாணவனுக்கே.